ஒரு அவுட்டுக்காக ஒன்பது அணிகள்: பேஸ்பாலில் இடக்கை ரிலீவரின் வேலை

வட அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலில் அதிக ஆட்டங்களில் பந்து வீசியவர் ஜெஸ்ஸி ஒரோஸ்கோ. மொத்தம் 1,252 ஆட்டங்கள். 1979-ல் 21 வயதில் வந்தவர், 2003-ல் 46 வயதில்தான் ஓய்ந்தார். பட்டியலில் அவருக்கு அடுத்து மைக் ஸ்டான்டன், 1,178 ஆட்டங்கள். மூன்றாவது ஜான் ஃபிராங்கோ, 1,119. மூன்று பேரும் இடக்கை பிட்சர்கள். ஆட்டத்தின் நடுவிலோ கடைசியிலோ வந்து, கொஞ்ச நேரம் வீசிவிட்டுப் போவதுதான் மூன்று பேரின் வேலையும். நான்காவது இடத்தில்தான் ஒரு வலக்கைக்காரர் வருகிறார்: நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா.

பிட்சர்களில் முக்கால்வாசிப் பேர் வலக்கைக்காரர்கள். அப்படியிருக்க, முதல் மூன்று இடங்களும் இடக்கைக்குப் போனது எப்படி? இதற்கு விடை தெரிந்தால் பேஸ்பாலில் ஒரு தனித் தொழிலே புரிந்துவிடும். அணி அணியாக மாறிக்கொண்டே, பத்து, பதினைந்து, சில சமயம் இருபது வருடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கும் இடக்கை ரிலீஃப் பிட்சரின் தொழில் அது. இப்படி ஓர் இடத்தில் நிலைக்காமல் ஆடுகிறவரை அமெரிக்காவில் ஜர்னிமேன் என்பார்கள். சுவரொட்டியில் அவர் முகம் இருக்காது. ஆனால் வேலை தெரிந்தவர் என்று எல்லா மேலாளர்களுக்கும் தெரியும்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒவ்வொரு அணிக்கும் மூன்று அவுட். அடித்தவர் மூன்று பேஸ்களையும் சுற்றி, அடித்த இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். பேட்டிங் வரிசையில் ஒன்பது பேர். அவுட்டானாலும் ஆகாவிட்டாலும் வரிசை சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே பேட்டர் ஓர் ஆட்டத்தில் பெரும்பாலும் நான்கு முறை வந்து நிற்பார். கிரிக்கெட்டில் ஒரு பவுலர் நான்கு ஓவர் போட்டுவிட்டு எல்லைக்கோட்டருகே போய் நின்று, அப்புறம் திரும்பி வந்து வீசலாம். பேஸ்பாலில் பிட்சரை வெளியே எடுத்துவிட்டால் எடுத்ததுதான். அன்றைய ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. பேட்டருக்கும் அதே விதி. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுவார். தொண்ணூறு, நூறு பந்துகளை நெருங்கும்போது கை சோர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் ரிலீவர்கள். மைதானத்தின் ஓரத்திலோ வெளிவேலிக்கு அப்பாலோ புல்பென் என்ற தனி இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களில் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் குளோசருக்குத்தான் பெயரும் பணமும். அவருக்கு முன்னால் வருகிற இடக்கைக்காரரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இடக்கைக்கு ஏன் அவ்வளவு மவுசு?

பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் முன்னால் இருக்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து இதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. அடிப்பதா, விடுவதா என்று முடிவெடுக்க பேட்டருக்கு அதிலும் ஒரு பகுதிதான் மிஞ்சும். ஆகவே பந்து விரல்களை விட்டுக் கிளம்பும் இடத்தை முதல் கணத்திலேயே தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். பார்வை கொஞ்சம் தவறினாலும் அடி தவறிவிடும்.

இடக்கை பேட்டர் பிளேட்டுக்கு முதல் பேஸ் பக்கமாக நிற்பார். வலக்கை பிட்சரின் கை எதிர்ப்பக்கத்திலிருந்து, மூன்றாவது பேஸ் பக்கத்திலிருந்து வருகிறது. பந்து அவர் கண்ணுக்கு நேராக விரிந்து தெரியும். வளையும் பந்தும் பெரும்பாலும் அவரை நோக்கி உள்ளே வரும், மட்டைக்கு வாகாக. இடக்கை பிட்சர் வந்தால் எல்லாம் தலைகீழ். பந்து பேட்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து கிளம்புவதுபோல் இருக்கும். ஸ்லைடர் என்ற வளைபந்தை வீசினால், முதலில் உடம்பின் மேல் படப்போவதுபோல் வந்து, கடைசியில் பிளேட்டைக் கடந்து வெளிப்பக்கம் விலகி ஓடும். ஒதுங்கப்போன பேட்டர், பந்து விலகுவது தெரிந்து எட்டி அடிக்கப் பார்ப்பார். அதற்குள் பந்து கேட்சரின் கையுறைக்குள் போயிருக்கும்.

பழக்கமும் ஒரு காரணம். பெரும்பாலான பிட்சர்கள் வலக்கை என்பதால், சிறுவயதிலிருந்தே இடக்கை பேட்டர் பார்த்து வளர்ந்தது வலக்கைப் பந்தைத்தான். இடக்கைப் பந்து அவருக்கு அபூர்வம். அதே காரணத்தால்தான் இடது பக்கம் நின்று அடிப்பது லாபம். முதல் பேஸும் ஓரிரு அடி கிட்டே இருக்கும். வலது கையால் பந்தெறியும் பிள்ளைகள்கூட இடது பக்கம் நின்று அடிக்கப் பழகுவது இதற்காகத்தான். விளைவு, ஒவ்வோர் அணியிலும் மிரட்டுகிற அடிகாரர்கள் சிலர் இடக்கையாக இருப்பார்கள். பாரி பாண்ட்ஸ், கென் கிரிஃபி ஜூனியர், டேவிட் ஆர்டீஸ், ரயன் ஹவர்ட் எல்லாம் இடது பக்கம் நின்று அடித்தவர்கள். ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் இவர்களை அடக்க ஓர் ஆள் வேண்டும். நம் இடக்கை ரிலீவருக்குச் சோறு போடுவது அந்தத் தேவைதான்.

வேலை எப்படி நடக்கும்?

2020-க்கு முந்தைய ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏழாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை. எதிரணியின் வரிசையில் மூன்று பேருக்குப் பிறகு அவர்களுடைய இடக்கை அதிரடிக்காரர் வருகிறார். அப்போதே புல்பென்னில் தொலைபேசி மணி அடிக்கும். பயிற்சியாளர் எடுத்துக் கேட்டுவிட்டு ஒரு பெயரை மட்டும் சொல்வார். நம் ஆள் மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீசத் தொடங்குவார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. மைதானத்தில் ஒருவர் அவுட், ஒருவர் இரண்டாவது பேஸ் வரை போய்விட்டார், இன்னொருவர் அவுட். இப்போது அந்த அதிரடிக்காரர் மட்டையோடு நடந்து வருகிறார். மேலாளர் டகவுட்டிலிருந்து, அதாவது அணி உட்காரும் இடத்திலிருந்து, வெளியே வந்து, மேட்டை நோக்கி நடந்துகொண்டே தன் இடது கையைத் தொட்டுக் காட்டுவார். இடக்கைக்காரரை அனுப்பு என்று அர்த்தம்.

நம் ஆள் ஓடி வந்து பந்தை வாங்கிக்கொண்டு மேட்டில் சில பந்துகள் வீசிப் பார்ப்பார். அப்புறம் ஆட்டம். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் பேட்டர் அவுட். முதல் பந்து ஸ்லைடர், பிளேட்டின் வெளியோரத்தைத் தொட்டுக்கொண்டு: ஸ்ட்ரைக். இரண்டாவது வேகப்பந்து, முழங்கைக்கு மிக அருகே உள்ளே: பேட்டர் பின்வாங்குகிறார், கணக்கில் அது 'பால்', அதாவது ஸ்ட்ரைக் ஆகாத பந்து. அந்தப் பின்வாங்கல்தான் அவருக்கு வேண்டியது. மூன்றாவது மறுபடி ஸ்லைடர், பேட்டர் கோட்டுக்கு வெளியே ஃபவுல் அடிக்கிறார், இரண்டாவது ஸ்ட்ரைக். நான்காவதும் ஸ்லைடர்தான், ஆனால் இன்னும் தாழ்வாக, இன்னும் வெளியே. மட்டை எட்டாத இடம். பேட்டர் சுற்றுகிறார். அவுட். இன்னிங்ஸ் முடிந்தது. நான்கே பந்துகள். அடுத்த இன்னிங்ஸுக்கு வேறு பிட்சர் வருவார். கணக்குப் புத்தகத்தில் இவர் பெயருக்கு எதிரே மூன்றில் ஒரு பங்கு இன்னிங்ஸ் ஏறும்.

எதிரணி மேலாளர் சும்மா இருக்க மாட்டார். இடக்கை பிட்சர் வருவது தெரிந்ததும் தன் இடக்கை பேட்டரை எடுத்துவிட்டு ஒரு வலக்கைக்காரரை இறக்கலாம். வந்த பிட்சர் ஒரு பேட்டரையாவது சந்தித்தாக வேண்டும் என்பதுதான் அன்றைய விதி. ஆனால் எடுத்த பேட்டர் திரும்ப வர முடியாதே! சிறந்த அடிகாரரை ஏழாவது இன்னிங்ஸிலேயே இழக்க எந்த மேலாளருக்கு மனம் வரும்? பெரும்பாலும் அவரையே நிற்க வைப்பார்கள். இரண்டு டகவுட்டுகளுக்கும் நடுவே நடக்கும் இந்தக் கணக்கு எனக்கு ஹோம் ரன்னைவிடப் பெரிய விருந்து.

புள்ளிவிவரத்தில் ஏறாத உழைப்பு ஒன்றும் இருக்கிறது. தொலைபேசி அடித்து, எழுந்து, முழு வேகத்தில் வீசி, கடைசியில் முன்னால் நின்ற பிட்சரே தப்பித்துவிட்டதால் திரும்ப உட்கார்ந்துவிடும் நாட்கள். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். எழுபது ஆட்டங்களில் வீசியதாகக் கணக்குச் சொல்லும் ஒருவர், அதைவிடப் பல நாட்கள் எழுந்து கை சூடேற்றியிருப்பார். தோளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரோஸ்கோவின் கதை

இந்த வேலை எப்படிச் சுருங்கிச் சுருங்கி ஒரே பேட்டர் அளவுக்கு வந்தது என்பதைப் பார்க்க ஒரோஸ்கோவின் வாழ்க்கையே போதும். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் பிறந்தவர். 1978-ல் மினசோட்டா ட்வின்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த டிசம்பரிலேயே நியூயார்க் மெட்ஸ் அணி தன் பழைய நட்சத்திரம் ஜெர்ரி கூஸ்மனை ட்வின்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவரின் பெயரைப் பிறகு சொல்கிறோம் என்று ஒப்பந்தம். 1979 பிப்ரவரியில் சொன்ன பெயர் ஒரோஸ்கோ. பேரத்தின்போது பெயர்கூடச் சொல்லப்படாத ஆளாகத்தான் அவர் நியூயார்க் வந்தார்.

1979 ஏப்ரல் 5, பருவத்தின் முதல் நாள், சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனபிறகு அவரைக் கூப்பிட்டார்கள். எதிரே பில் பக்னர், இடக்கை பேட்டர். பக்னர் தூக்கி அடித்த பந்து கேட்சானது, ஆட்டம் முடிந்தது. மேஜர் லீக்கில் அவருடைய முதல் வேலையே ஓர் இடக்கை பேட்டர், ஓர் அவுட். பின்னாளில் வயதான காலத்தில் அவர் செய்யப்போகும் வேலையும் அதுதான்.

நடுவில் அவர் பெரிய ஆளாகவும் இருந்தார். 1983-ல் 62 ஆட்டங்களில் 110 இன்னிங்ஸ். வலக்கை, இடக்கை பார்க்காமல் எல்லாருக்கும் வீசினார். பிட்சர்களுக்கான சை யங் விருதுக்கான வாக்குகளில் அந்த வருடம் மூன்றாவது இடம். 1986-ல் ஹூஸ்டனுக்கு எதிரான நேஷனல் லீக் இறுதித் தொடரில் மெட்ஸ் வென்ற நான்கு ஆட்டங்களில் மூன்று, வெற்றி பெற்ற பிட்சர் என்ற கணக்கில் அவர் பெயரில் இருக்கின்றன. ஆறாவது ஆட்டம் 16 இன்னிங்ஸ் போனது. கடைசி மூன்று இன்னிங்ஸும் இவர்தான். முன்னிலை கரைந்து கரைந்து 7-6 ஆகி, பேஸில் இரண்டு பேர் நிற்க, கெவின் பாஸை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்து பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடர். பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பேட்டர் மார்ட்டி பாரெட்டையும் ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டு, கையுறையை வானத்துக்கு வீசி மண்டியிட்டார். மெட்ஸ் ரசிகர்கள் வீடுகளில் அந்தப் படம் இன்றும் தொங்குகிறது.

அதோடு அவர் கதை முடிந்திருந்தால் நான் இங்கே எழுத ஒன்றுமில்லை. அடுத்த வருடம் முடிந்ததும் மெட்ஸ் அவரைக் கைமாற்றிவிட்டது. 1988-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். 1989 முதல் கிளீவ்லாந்து. 1992 முதல் மில்வாக்கி. 1995 முதல் ஐந்து வருடம் பால்டிமோர். 1999 ஆகஸ்டில் டென்னிஸ் எக்கர்ஸ்லியின் 1,071 ஆட்டச் சாதனையைத் தாண்டியது பால்டிமோரில் இருந்தபோதுதான். அப்போது வயது 42.

அதே டிசம்பரில் அவரை மெட்ஸ் திரும்ப வாங்கியது. கொடுத்தது சக் மக்எல்ராய் என்ற இன்னொரு இடக்கை ரிலீவரை. இடக்கைக்கு இடக்கை! பருவம் தொடங்கும் முன்பே, 2000 மார்ச்சில், மெட்ஸ் அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டது. பழைய வீட்டுக்கு வந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு மறுபடி டாட்ஜர்ஸ். 2003-ல் ஒரே பருவத்தில் மூன்று சட்டைகள்: சான் டியேகோ, யாங்கீஸ், கடைசியில் மினசோட்டா. 1978-ல் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவிடாமல் கொடுத்துவிட்ட அதே மினசோட்டா.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1983: 62 ஆட்டங்கள், 110 இன்னிங்ஸ். 1999: 65 ஆட்டங்கள், 32 இன்னிங்ஸ். ஆட்டங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதே. வேலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. 26 வயதில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு இன்னிங்ஸ் போல வீசிய கை, 42 வயதில் அரை இன்னிங்ஸ்தான் வீசியது. அதனால்தான் அந்தக் கை 46 வயது வரை தாங்கியது.

இதற்கு ஒரோஸ்கோ மட்டும் காரணம் இல்லை. 1980-களின் கடைசியில் ஓக்லாந்து அணியின் மேலாளர் டோனி லா ரூஸா புல்பென்னையே பிரித்துப் பங்குபோட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் எக்கர்ஸ்லி. அதற்கு முன்னால் இடக்கை பேட்டர்கள் வந்தால் ரிக் ஹனிகட். ஓக்லாந்து ஜெயிக்க ஜெயிக்க மற்ற அணிகளும் அந்த வழிக்கு வந்தன. 1990-களில் ஒவ்வொரு புல்பென்னிலும் இடக்கை பேட்டரை மட்டும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் நிரந்தரமானார். ரசிகர்கள் இவர்களை லூகி (LOOGY) என்று கூப்பிட்டார்கள்; ஓர் அவுட்டுக்கான இடக்கை ஆள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை?

எல்லா அணிக்கும் இப்படி ஒருவர் வேண்டும். ஆனால் எந்த அணிக்கும் இவரேதான் வேண்டும் என்பதில்லை. இந்தத் தொழிலின் நல்லது, கெட்டது இரண்டும் இதற்குள் அடக்கம்.

வருடத்துக்கு முப்பது, நாற்பது இன்னிங்ஸ் வீசுகிறவரின் ஆட்டம் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். ஒரு மாதம் ஸ்லைடர் சரியாக வளையவில்லை என்றால் போதும், புள்ளிவிவரம் பாழாகிவிடும். அதனால் யாரும் நீண்ட ஒப்பந்தம் தருவதில்லை. ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம். ஜூலையில் அணி பட்டத்துக்கான ஓட்டத்தில் பின்தங்கிவிட்டால் முதலில் விலைபோகிறவரும் இவர்தான், ஏனென்றால் முன்னணி அணிகள் அக்டோபர் ஆட்டங்களுக்காக இடக்கை தேடி அலையும் மாதம் அது. ஹாவியர் லோபஸ் 2010 ஜூலை 31-ல் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவின் இடக்கை ஜோடி சேஸ் அட்லி, ரயன் ஹவர்ட் இருவரையும் கட்டிப்போடும் பொறுப்பு அவருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோ உலகத் தொடரையே வென்றது. பாஸ்டனில் ஒன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று என்று நான்கு சாம்பியன் மோதிரங்களோடு லோபஸ் ஓய்வு பெற்றார்.

பட்டியல் விதிகளும் இவர்களை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அணியிலும் 40 பேர் பட்டியல் ஒன்று. அதற்குள் அன்றாடம் ஆடத் தயாராக இருக்கும் 26 பேர். 2020-க்கு முன் அது 25. இளம் ஆட்டக்காரரை மூன்று பருவங்கள் வரை, கேட்காமலே மைனர் லீக்குக்கு அனுப்பி அழைக்கலாம். இதை ஆப்ஷன் என்பார்கள். ஆப்ஷன் தீர்ந்தபின் அவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால், முதலில் மற்ற அணிகள் எல்லாவற்றுக்கும் அவரை எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். முப்பதைத் தாண்டிய இடக்கை ரிலீவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருப்பார்கள். ஓர் அணி கைவிட்டதும் இன்னோர் அணி எடுத்துக்கொள்ளும். அல்லது வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கு, உத்தரவாதம் எதுவும் இல்லாத மைனர் லீக் ஒப்பந்தத்தில் கூப்பிடும். ஃபிளோரிடாவிலோ அரிசோனாவிலோ ஆறு வாரம் வீசிக்காட்டி இடம் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் டிரிபிள்-ஏ.

அந்தப் படிக்கட்டில் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சம் இல்லை. 2025-ல் மேஜர் லீக்கில் ஒரு முழுப் பருவத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். அதற்கு ஒரே படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏயில் 2023 ஒப்பந்தம் நிர்ணயித்த குறைந்தபட்சம் வருடத்துக்கு 35,800 டாலர். மேலே இருக்கும் ஒவ்வொரு நாளும் பணி நாளாகவும் சேரும்; 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி, பத்து வருடம் சேர்ந்தால் முழு ஓய்வூதியம். இத்தனை வயதுக்கு மேல் ஏன் ஊர் ஊராக அலைகிறார் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளி ஓர் ஊரில், வாடகை வீடு இன்னோர் ஊரில், அணி மூன்றாவது ஊரில் என்று ஓடும் குடும்பங்கள் அவை.

பக்கவாட்டுக் கை

இந்தத் தொழிலில் நீடித்தவர்கள் பலர் ஒரு கட்டத்தில் கையைத் தாழ்த்தியவர்கள். தலைக்கு மேலிருந்து வீசாமல் பக்கவாட்டில், இடுப்பு உயரத்திலிருந்து வீசுவது. இதில் வேகம் குறையும், ஆனால் இடக்கை பேட்டருக்குப் பந்து இன்னும் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். மைக் மையர்ஸ் டெட்ராய்ட்டில் திணறிக்கொண்டிருந்தபோது கையைத் தாழ்த்திப் பார் என்று யோசனை சொன்னவர் அந்த அணியின் பழம்பெரும் ஆட்டக்காரர் ஆல் கேலைன். ஒரு பேட்டரிடம் ஒரு நல்ல யோசனை கிடைத்து அதில் பத்து வருடத்துக்கு மேல் பிழைத்தார் மையர்ஸ். 1997-ல் மட்டும் 88 ஆட்டங்கள். 2000-ல், மெல்லிய காற்றில் பந்து பறக்கும் டென்வரில், எந்த பிட்சரும் போக அஞ்சும் மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.99 ரன் மட்டுமே என்ற ரன் சராசரி வைத்திருந்தார். மொத்தம் ஒன்பது அணிகள், 883 ஆட்டங்கள், 541⅔ இன்னிங்ஸ். 2005-ல் பாஸ்டனில் டேவிட் ஆர்டீஸோடு ஒரே அறையில் உடை மாற்றியவர், அடுத்த வருடம் யாங்கீஸ் சட்டையில் அதே ஆர்டீஸுக்கு எதிராக அனுப்பப்பட்டார்.

ரேண்டி சோட் இதையும் ஒரு படி சுருக்கினார். 2015-ல் செயின்ட் லூயிஸுக்காக 71 ஆட்டங்களில் மொத்தம் 27⅓ இன்னிங்ஸ். அதாவது சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு ஓர் அவுட்டும் கொஞ்சமும். அதற்கு முன் அந்த அணி அவருக்குக் கொடுத்தது மூன்று வருடத்துக்கு 75 லட்சம் டாலர். இவ்வளவு சின்ன வேலைக்கு அவ்வளவு பணமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. ஆறு மாதம், தினமும், ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் எதிரணியின் ஆகச்சிறந்த இடக்கைக்காரரை மட்டும் சந்திப்பது சின்ன வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இவர்களின் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ரன் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். முந்தைய பிட்சர் பேஸில் விட்டுவிட்டுப் போனவர்கள் ரன் எடுத்தால் அந்த ரன் முந்தையவர் கணக்கில்தான் ஏறும். நம் ஆள் வந்து அடி வாங்கி இரண்டு ரன் போனாலும் அவர் சராசரி அப்படியே இருக்கலாம். மறுபக்கம், அவர் ஒருவரை பேஸுக்கு விட்டுவிட்டுப் போனபின், அடுத்து வந்தவர் சொதப்பினால் பழி இவர் மேல். ஆகவே வந்து சேர்ந்தபோது பேஸில் நின்றவர்களில் எத்தனை பேரை ரன் எடுக்காமல் தடுத்தார், இடக்கை பேட்டர்கள் இவரை எப்படி அடித்திருக்கிறார்கள், இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள். வேலையின் தரம் அங்கேதான் தெரியும்.

2020-க்குப் பிறகு

2020 பருவத்திலிருந்து புது விதி வந்தது. உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடித்துவைக்க வேண்டும். காயமோ உடல்நலக் குறைவோ இருந்தால் மட்டும் விலக்கு. ஒவ்வொரு பிட்சர் மாற்றமும் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி நீட்டுகிறது என்பது லீக் சொன்ன காரணம். பார்க்கிறவர்களுக்கு அலுப்பாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் மோதும் அந்த இறுக்கமான நிமிடங்களை அது ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டது, கூடவே ஒரு தொழிலையும். சோட்டின் 2015 மாதிரி ஒரு பருவம் இனி யாருக்கும் வாய்க்காது.

விதி வந்தபின் தாக்குப்பிடித்தவர்கள் வலக்கை பேட்டரையும் அடக்கத் தெரிந்த இடக்கைக்காரர்கள். வலக்கை பேட்டருக்கு ஸ்லைடர் உள்ளே, மட்டைக்கு வாகாக வரும். ஆகவே அவரிடமிருந்து விலகிப்போகும் சேஞ்ச்அப்போ, கை வலிக்க உள்ளே குத்தும் கட்டரோ கற்றுக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் வெட்டத் தெரிந்தவர்களின் விலை எங்கேயோ போய்விட்டது. டேனர் ஸ்காட் 2025 தொடக்கத்தில் டாட்ஜர்ஸுடன் போட்ட ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர். அலைகிறவர்களும் மறைந்துவிடவில்லை. பாஸ்டனில் பிறந்த ரிச் ஹில், நடுவில் சில வருடங்கள் பக்கவாட்டில் வீசும் இடக்கை ரிலீவராக இருந்தவர். 2015-ல் எந்த மேஜர் லீக் அணியும் இல்லாமல் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற தனி அணியில் போய் வீசி, அங்கிருந்து மீண்டு வந்தார். 2025-ல் 45 வயதில் கான்சஸ் சிட்டிக்காக ஆடியபோது அது அவருக்கு 14-வது மேஜர் லீக் அணி. எட்வின் ஜாக்சனின் சாதனையோடு சமம்.

மேலாளர்கள் இப்போது வேறுமாதிரி கணக்குப் போடுகிறார்கள். எதிரணி வரிசையில் இரண்டு இடக்கை பேட்டர்கள் அடுத்தடுத்தோ, ஒருவரை விட்டு ஒருவரோ நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே இடக்கையை இறக்குவது. அதற்கு இடம் கொடுக்காமல் எதிரணியும் இடக்கை, வலக்கை என்று மாற்றி மாற்றி வரிசை அமைக்கும். இன்னொரு வழி, இரண்டு அவுட் ஆகும் வரை காத்திருப்பது. இன்னிங்ஸை முடித்துவிட்டால் மூன்று பேட்டர் கணக்கு தேவையில்லை அல்லவா? 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் அதுதான் நடந்தது. பன்னிரண்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் டொரான்டோ ஆட்டக்காரர்கள், அடுத்து இடக்கை பேட்டர் நேதன் லூக்ஸ். டாட்ஜர்ஸ் இறக்கியது இடக்கை பிட்சர் கிளேட்டன் கெர்ஷாவை. 2008 முதல் ஒரே அணியில், அதுவும் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக இருந்து, அந்தப் பருவத்தோடு ஓய்வு என்று அறிவித்திருந்தவர். லூக்ஸ் தரையோடு அடித்த பந்தை எடுத்து முதல் பேஸில் அவுட் ஆக்கினார்கள். அடுத்த இன்னிங்ஸுக்கு டாட்ஜர்ஸ் வேறு பிட்சரை அனுப்பியது. ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை போய் 6-5 என்று டாட்ஜர்ஸ் ஜெயித்தது.